சிரிக்கும் வலிப்பும் கத்தியில்லாத கத்தியும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. ஆர்வக்கோளாறுல படிச்சதை எழுதறவன். பதிவுலகத்துல டாக்டருங்க நிறைய பேர் இருக்கீங்க, தப்பு இருந்தா கொட்டுங்க, வாங்கிக்கறேன் :-)

கைக்குழந்தை தூக்கத்துல சிரிச்சா எங்க வீட்டுப் பெரியவங்க "நரி விரட்டுது"ன்னு சொல்வாங்க. உங்க வீட்டுலயும் சொல்லியிருப்பாங்க. அது பாட்டுக்கு அழகா சிரிக்கும், சுத்தி நிக்கற நாம எல்லாரும் சேர்ந்து சிரிப்போம். அந்தச் சிரிப்புல ஒரு வில்லங்கமும் கிடையாது. நான் சொல்ல வந்தது வேற ஒரு சிரிப்பு.

நாலாங்கிளாஸ்ல என்கூட ஒரு பையன் படிச்சான். பேர் வேண்டாம். கணக்குப் பாடம் நடந்துக்கிட்டிருக்கும், திடீர்னு சிரிப்பான். யாரும் ஜோக் அடிச்சிருக்க மாட்டாங்க. கண்ணு ஒரு பக்கம் பார்த்துக்கிட்டிருக்கும், வாய் மட்டும் சிரிக்கும். அரை நிமிஷத்துல நின்னுடும். "என்னடா இளிப்பு?"ன்னு பிரம்பு வரும். அடி வாங்கும்போது அவன் முகத்துல இருந்த குழப்பம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. எதுக்கு அடிக்கறாங்கன்னே அவனுக்குப் புரியலை. அஞ்சாங்கிளாஸ்ல அவன் வரலை. அவனுக்கு இருந்தது நான் இப்போ எழுதப்போற வியாதிதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ரொம்ப ரொம்ப அபூர்வமான வியாதி இது. ஸ்வீடன்ல 2004இல் வந்த ஒரு கணக்குப்படி 2 லட்சம் பிள்ளைகளுக்கு ஒருத்தர். ஆனா இதைப் பத்தி முதல் தடவை படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

வியாதிக்குப் பேர் ஜெலாஸ்டிக் வலிப்பு. கிரேக்க மொழியில 'கெலோஸ்'னா சிரிப்பு. சிரிப்பே வலிப்பா வரும்னு 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் துரூசோ எழுதி வச்சிருக்கார். 1957இல் டேலி, மல்டர்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் இந்தப் பேரை வச்சாங்க. பேர் வச்சாச்சே தவிர, அது எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்க இன்னும் நாற்பது வருஷம் ஆச்சு.

பல குழந்தைகளுக்கு இது கைக்குழந்தையா இருக்கும்போதே ஆரம்பிச்சுடுது. சில நொடிகள், அல்லது அரை நிமிஷம். ஒரு நாளைக்குப் பத்து தடவையும் வரலாம், அதுக்கு மேலயும் வரலாம். சந்தோஷமே இல்லாத சிரிப்பு. எந்த அம்மாவுக்கு இதை வியாதின்னு தோணும்? "என் பிள்ளை சிரிச்ச முகம்"னு பெருமையாத்தான் சொல்வாங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு வேற வலிப்புகள் சேர்ந்துக்கும். கீழே விழறது, கை கால் வெட்டி இழுக்கறது, அப்படியே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கறது. பல பிள்ளைகளுக்குப் படிப்பு பின்னாடி போகும், தாங்க முடியாத கோபம் வரும். சில பேருக்கு நாலு, அஞ்சு வயசுலயே பருவமடையற அறிகுறிகள் தெரிஞ்சுடும். மாத்திரைகள் பெரும்பாலும் கேட்கறதில்லை. பெர்கோவிக், ஆண்டர்மன் குழுவினர் 1988இல் இந்த மொத்த வரிசையையும் எம்.ஆர்.ஐ. படங்களோட சேர்த்து எழுதின பிறகுதான், இது தனி வியாதின்னு பரவலா புரிஞ்சது.

காரணம், மூளைக்கு நடு அடியில இருக்கிற ஹைப்போதலாமஸ்ல ஒட்டிக்கிட்டிருக்கிற ஒரு சின்ன உருண்டை. பேர் ஹமார்ட்டோமா. புற்றுநோய் இல்லை, பரவாது. குழந்தை வயித்துல இருக்கும்போதே இடம் மாறி அமைஞ்சுபோன மூளைத் திசு. சிலருக்குப் பட்டாணி அளவுதான் இருக்கும்.

இப்போ கேட்டா "கட்டி அங்கே இருக்கு, வலிப்பும் அங்கேருந்துதானே வரும்"னு சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனா அப்போ டாக்டர்கள் அப்படி நினைக்கலை. வலிப்புன்னா அது மூளையோட மேல் பட்டையில இருந்துதான் வரணும், ஆழத்துல இருக்கிற ஹைப்போதலாமஸ் என்ன செய்யும்கிறதுதான் பாடம். தலையில ஒட்டற ஈ.ஈ.ஜி. கம்பிகளும் நெத்திப்பொட்டுப் பக்கம் இருக்கிற டெம்போரல் மடலைத்தான் காட்டிக் கொடுத்தது. சரின்னு அதை வெட்டி எடுத்தாங்க. 1993இல் கேசினோவும் கூட இருந்தவங்களும் இப்படி மேல் பட்டையில ஒரு பகுதியை எடுத்த ஏழு பேரைப் பத்தி எழுதினாங்க. ஒருத்தருக்கும் சொல்லிக்கிற மாதிரி பலன் இல்லை. ஏழு மூளைகள்ல தப்பான இடத்தை வெட்டியிருக்காங்க. படிக்கும்போது வயித்தைப் பிசையுது. ஆனா தோத்ததை மறைக்காம எழுதினாங்க பாருங்க, அதுக்காக ஒரு கும்பிடு போடணும்.

1995இல் முனாரி குழு, ஆழத்துக்குப் போற கம்பியை அந்த உருண்டைக்குள்ளேயே இறக்கிப் பார்த்தது. சிரிப்பு வரும்போது மின்னோட்டம் அங்கேதான் கிளம்புச்சு. 1997இல் குஸ்நியெக்கி குழு ஒரு படி மேலே போச்சு. கம்பி வழியா உருண்டைக்குள்ள லேசா மின்சாரம் கொடுத்தாங்க, நோயாளிக்கு வழக்கமா வர்ற அதே வலிப்பு வந்துச்சு. ஆக, குற்றவாளி அகப்பட்டாச்சு.

ஆனா அவன் உட்கார்ந்திருந்த இடம் அப்படி. மேலே சுத்தி ஞாபக சக்திக்கான பாதை. முன்னாடி கண் நரம்பு. கீழே பிட்யூட்டரி சுரப்பி. பக்கத்துலயே மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்கள். பசி, தாகம், தூக்கம், உடம்புச் சூடு எல்லாத்துக்கும் மெயின் போர்டு ஹைப்போதலாமஸ்தான். அங்கே கத்தியோட போறது, எரியற பல்புக்குப் பின்னாடி இருக்கிற ஒரு ஒயரை மட்டும் கண்ணைக் கட்டிக்கிட்டு வெட்டற மாதிரி. பிள்ளைக்கு வலிப்பு நிக்கலாம், கூடவே ஞாபகமும் போகலாம். பக்கவாதம் வரலாம். வாழ்நாள் பூரா ஹார்மோன் மாத்திரைன்னு ஆகலாம்.

இந்த இடத்துல கதையை ஒரு அம்பது வருஷம் பின்னாடி, ஸ்டாக்ஹோமுக்குக் கொண்டு போகணும்.

லார்ஸ் லெக்செல். 1907இல் பிறந்த ஸ்வீடன்காரர், மூளை அறுவை நிபுணர். பின்லாந்து மேல சோவியத் படையெடுத்தப்போ (1939-40 குளிர்காலம்) தன்னார்வலரா அங்கே போய் வேலை பார்த்தவர். எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் கடிச்சு எடுக்கற ஒரு கருவி இன்னைக்கும் உலகத்துல எல்லா ஆபரேஷன் தியேட்டர்லயும் அவர் பேர்லதான் இருக்கு. கருவி செய்யறதுல அப்படி ஒரு பித்து. அந்தக் காலத்துல மண்டையைத் திறந்து ஆழத்துக்குப் போனா திரும்பி வர்றதே அதிர்ஷ்டம். இதைப் பார்த்து வெறுத்துப்போன மனுஷன், திறக்காமலே உள்ளே போக முடியுமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தார்.

1949இல் ஒரு சட்டகம் செஞ்சார். மண்டை ஓட்டோட திருகி மாட்டற சட்டகம். அது மேல அரை வட்ட வில். வில்லோட எந்தப் புள்ளியில இருந்து ஊசியை விட்டாலும் அது போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதான், வட்டத்தோட மையம். சட்டகத்தை நகர்த்தி, மூளையில நமக்கு வேண்டிய இடத்தை அந்த மையத்துல கொண்டுவந்து நிறுத்தினாப் போதும். அப்புறம் அவருக்கு ஒரு யோசனை. ஊசிக்குப் பதிலா கதிரையே அனுப்பினா என்ன? 1951இல் எழுதின கட்டுரையில 'ரேடியோசர்ஜரி'ங்கிற வார்த்தையை முதல் முதலா பயன்படுத்தினார். ஒரு எக்ஸ்ரே குழாயை அந்த வில்லுல மாட்டி, முகத்துல தாங்க முடியாத வலி இருந்த நோயாளிகளுக்குச் செஞ்சும் பார்த்தார்.

எக்ஸ்ரே போதலை. உப்சாலாவுல போர்ஜே லார்சன்னு ஒரு இயற்பியல்காரரோட சேர்ந்து, சைக்ளோட்ரான்ல இருந்து வர்ற புரோட்டான் கதிரை வச்சு முயற்சி செஞ்சார். முதல்ல ஆடு, முயல். 1950களோட கடைசியில மனுஷங்க. வேலை செஞ்சது. ஆனா ஒவ்வொரு நோயாளியையும் ஆஸ்பத்திரியில இருந்து ஒரு இயற்பியல் கூடத்துக்குத் தூக்கிட்டுப் போறது நடக்கற காரியமா? ரெண்டு பேரும் கடைசியில கோபால்ட்-60க்கு வந்தாங்க. முதல் 'காமா நைஃப்' 1968இல் ஸ்டாக்ஹோம்ல தயாராச்சு. உள்ளே 179 கோபால்ட் துண்டுகள்.

ஊர் கூடித் தேர் இழுக்கறதை நினைச்சுக்குங்க. ஒத்தை ஆள் இழுத்தா தேர் அசையாது. வடம் பிடிச்ச ஒவ்வொருத்தரும் போடறது கொஞ்சம் பலம்தான், ஆனா அத்தனையும் தேர்ல போய்ச் சேருது. காமா நைஃப்ல ஒவ்வொரு கதிரும் தனியாப் பார்த்தா ரொம்ப சோனி. வழியில இருக்கிற மூளைக்கு அது பெருசா ஒண்ணும் செய்யாது. எல்லாம் சந்திக்கிற அந்த ஒரு புள்ளியிலதான் வேலை. பின்னாடி வந்த மெஷின்கள்ல 201 துண்டு, 2006க்கு அப்புறம் வந்ததுல 192. கோபால்ட்டோட வீரியம் சுமார் 5.27 வருஷத்துல பாதியாயிடும், அதனால மெஷினுக்கு வயசாக ஆக அதே அளவு கதிர் கொடுக்க நோயாளி அதிக நேரம் படுத்திருக்கணும்.

லெக்செல் இதைக் கட்டிகளுக்காகச் செய்யலை. கட்டி எதுவும் இல்லாம நரம்பு இணைப்புகளால வர்ற தீராத வலி, பார்க்கின்சன், கடுமையான மனப்பதற்றம், இதுக்குத்தான். ஆனா சரித்திரம் வேற பக்கம் இழுத்துட்டுப் போயிடுச்சு. சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் வந்து கட்டிகளும் ரத்தக்குழாய் முடிச்சுகளும் பளிச்சுனு தெரிய ஆரம்பிச்சதும், உலகம் பூரா மெஷின் அதுக்குத்தான் ஓடுச்சு. லெக்செல் 1986இல் போய்ச் சேர்ந்துட்டார். அவர் முதல்ல நினைச்ச வேலைக்கு இந்த மெஷின் திரும்பி வந்த பாதைகள்ல ஒண்ணுதான் வலிப்பு.

அது வந்த விதமும் சுவாரசியம். மூளை ரத்தக்குழாய் முடிச்சுக்குக் கதிர் வச்சவங்கள்ல சில பேருக்கு, கூடவே இருந்த வலிப்பும் அடங்கிப்போச்சு. யாரும் அதைக் குறி வைக்கலை. பாரிஸ்ல தலேராக் 1970கள்லயே கதிரியக்க இட்ரியம் துகளை மூளைக்குள்ள பதிச்சு வலிப்பை அடக்கப் பார்த்திருக்கார். ஸ்பெயின்ல வலென்சியாவுல பார்சியா-சலோரியோ 1980கள்ல கோபால்ட் கதிரை வெளியில இருந்து கொடுத்துப் பார்த்தார். 1993இல் பிரான்ஸ்ல மார்செய் நகரத்துல ழான் ரெஜிஸ் குழு, டெம்போரல் மடல் வலிப்புக்கு காமா நைஃபை எடுத்தது. மார்செய், வலிப்பு ஆராய்ச்சிக்கே பேர் போன ஊர். லெனாக்ஸ்-காஸ்டோன்னு பிள்ளைகளுக்கு வர்ற கொடுமையான வலிப்பு ஒண்ணு இருக்கே, அதுல வர்ற காஸ்டோ அந்த ஊர்க்காரர்தான்.

1998இல் ஜப்பான்ல இருந்து ஒரு தகவல். ஹைப்போதலாமஸ்ல ஹமார்ட்டோமா இருந்த ஒரு இளைஞருக்கு காமா கதிர் கொடுத்தாங்க, வலிப்பு அடங்கிடுச்சு. ஒரே ஒரு ஆள்தான். ஆனா ரெஜிஸ் அதே மாதிரி கேஸ்களைப் பல நாட்டு மையங்கள்ல இருந்து தேடிச் சேர்த்தார். பத்துப் பேர் தேறினாங்க. 2000இல் கட்டுரை வந்துச்சு. போதுமான காலம் கவனிச்ச எட்டுப் பேர்ல நாலு பேருக்கு வலிப்பே இல்லை. மத்தவங்களுக்கும் ஏதோ ஒரு அளவுல குறைஞ்சிருந்தது. அதுல ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. நல்ல பலன் கிடைச்ச எல்லாருக்கும் உருண்டையோட ஓரத்துல விழுந்த அளவு 17 கிரேக்கு மேல. அரைகுறையா நின்னவங்களுக்கு 13க்குக் கீழ. வேற வேற ஊர்ல, வேற வேற டாக்டர்கள், ஒருத்தரை ஒருத்தர் கேட்காம தோராயமா வச்ச அளவுகள். அதைச் சேர்த்துப் பார்த்ததும் ஒரு கோடு தெரிஞ்சது. எட்டுப் பேரை வச்சுக் கோடு போடறது ரிஸ்க்தான். ஆனா அபூர்வ வியாதிகள்ல அறிவு இப்படித்தான் சேருது, சில்லறை சில்லறையா.

அந்த நாள் குழந்தைக்கு எப்படி இருக்கும்? சின்னப் பிள்ளைன்னா மயக்க மருந்து கொடுத்து, நாலு திருகுல சட்டகத்தை மண்டையில மாட்டி, எம்.ஆர்.ஐ. எடுத்து, கணக்குப் போட்டு, மெஷினுக்குள்ள அனுப்புவாங்க. கண் நரம்புல விழற கதிர் பத்து கிரேயைத் தாண்டாம பார்த்துக்கறதுலதான் கணக்கோட பாதி உயிர் இருக்கு. முடிஞ்சதும் சட்டகத்தைக் கழட்டி, திருகு போட்ட இடத்துல ஒரு சின்னக் கட்டு. ரத்தம் இல்லை, தையல் இல்லை, மொட்டையும் வேண்டாம். ஓரிரு நாள்ல வீடு.

வீட்டுக்குப் போன மறுநாளும் பிள்ளை சிரிக்கும்.

இந்த இடத்துலதான் நான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன். கத்தி வச்சா பலன் உடனே தெரியும், நல்லதோ கெட்டதோ. கதிர் அப்படி இல்லை. மாசக்கணக்கா எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். நடுவுல சிலருக்கு வலிப்பு கூடவும் செய்யும். முழுப் பலன் தெரிய ரெண்டு வருஷம், மூணு வருஷம்கூட ஆகலாம். பெரியவங்களுக்கு மூணு வருஷம்னா மூணு வருஷம்தான். நாலு வயசுப் பிள்ளைக்கு மூணு வருஷம்னா, பேச்சு, பள்ளிக்கூடம், எழுத்து, நண்பர்கள் எல்லாம் அதுக்குள்ளதான் வரணும். தினம் பத்து தடவை மூளை குலுங்கிக்கிட்டே அதெல்லாம் வரணும்.

இன்னொரு புதிர். வலிப்பு நின்ன பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தா, பெரும்பாலும் உருண்டை அப்படியே இருக்கு! கதிர் அதைப் பொசுக்கலை. அப்போ என்னதான் செஞ்சுது? செல்களைக் கொல்லாம அதோட போக்கை மாத்துதுன்னு ஒரு கருத்து இருக்கு. முடிவா இன்னும் யாரும் நிரூபிக்கலை.

மார்செய் குழு 1999இல் இருந்து முன்கூட்டியே திட்டம் போட்டு ஒரு ஆய்வு நடத்தி, 2017இல் முடிவை வெளியிட்டாங்க. பிள்ளைகளும் பெரியவங்களும் கலந்த 48 பேர், எல்லாரையும் மூணு வருஷத்துக்கு மேல கவனிச்சது. 19 பேருக்குத் தொல்லை தர்ற வலிப்பு நின்னுபோச்சு. 14 பேருக்கு எப்போவாவது ஒண்ணுன்னு ஆச்சு. மீதி 15 பேருக்கு அந்த அளவுக்குப் பலன் இல்லை. பாதிக்கு மேற்பட்டவங்க ரெண்டாவது தடவையும் மெஷினுக்குள்ள போக வேண்டியிருந்தது. நிரந்தரமான நரம்புப் பாதிப்பு யாருக்கும் இல்லை. மூணு பேருக்கு உடம்புச் சூடு கொஞ்ச நாள் தடுமாறி சரியாச்சு. கண் போகலை, ஹார்மோன் போகலை. ஹைப்போதலாமஸ்லயே கை வச்சுட்டு இப்படி ஒரு வரியை எழுத முடிஞ்சதே பெரிய விஷயம்னுதான் நான் சொல்வேன். வெற்றி சதவீதத்தை மட்டும் பார்த்து உதட்டைப் பிதுக்கறவங்க இந்த வரியையும் சேர்த்துப் படிக்கணும்.

சமகாலத்துல மத்தவங்களும் சும்மா இல்லை. மெல்போர்ன்ல ரோசன்ஃபெல்ட் மூளையோட ரெண்டு பாதிக்கும் நடுவால மேலேருந்து இறங்கி உருண்டையை எடுத்தார் (2001இல் எழுதினது). ஜப்பான்ல நீகாட்டாவுல கமேயாமா குழு ஊசி முனைச் சூட்டால அதைக் கருக்கினாங்க. அமெரிக்காவுல டெக்சாஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரியில, எம்.ஆர்.ஐ.க்குள்ளேயே பிள்ளையை வச்சு, மெல்லிசான லேசர் இழையை விட்டு, சூடு பரவறதைத் திரையில பார்த்துக்கிட்டே பொசுக்கற முறை வந்துச்சு. 2018இல் அவங்க வெளியிட்ட 71 பேர் கணக்குல, ஒரு வருஷம் கழிச்சு 93 சதவீதம் பேருக்குச் சிரிப்பு வலிப்பு இல்லை. காத்திருக்கவும் வேண்டாம். நியாயமாச் சொன்னா, இந்த உருண்டை விஷயத்துல லேசர் காமா நைஃபைப் பல இடத்துல பின்னுக்குத் தள்ளிடுச்சு. ஆனா லேசர்னாலும் மண்டையில ஒரு சின்ன ஓட்டை போட்டு இழை உள்ளே போகணும், ஞாபக பாதிப்பும் ஹார்மோன் பாதிப்பும் சிலருக்கு வந்திருக்கு. உருண்டை சின்னதா, ஆபத்தான இடத்தை ஒட்டி, பிள்ளையும் கொஞ்சம் காத்திருக்கலாம்கிற நிலைமையில இருந்தா, கதிருக்கு இன்னும் இடம் இருக்கு.

"பச்சைப் பிள்ளை மண்டையில கதிரா? நாளைக்குப் புற்றுநோய் வராதா?" இதைத்தான் என் வீட்டம்மாவும் கேட்டாங்க. 2019இல் லான்செட் ஆங்காலஜியில ஒரு பெரிய கணக்கு வந்துச்சு. காமா நைஃப் சிகிச்சை எடுத்து அஞ்சு வருஷத்துக்கு மேல கவனிக்கப்பட்ட 4,905 பேர். கதிரால வந்திருக்கலாம்னு சொல்லக்கூடிய புற்று, ஒரு லட்சம் பேரை ஒரு வருஷம் கவனிச்சா சுமார் 7. பொதுவா ஜனங்களுக்கு வர்ற அளவை விட அதிகம்னு சொல்ல முடியாத எண். ஆனா பிள்ளைக்கு முன்னாடி இன்னும் எழுபது வருஷம் கிடக்கு. அவ்வளவு நீளமான கணக்கு யார்கிட்டயும் இல்லை, மெஷினுக்கே இன்னும் அறுபது வயசுதான் ஆகப்போகுது.

பதிவு நீண்டுடுச்சு, ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கறேன். பச்சைக்குழந்தை தூக்கத்துல சிரிச்சா பதற வேண்டாம், நரி பாட்டுக்கு விரட்டட்டும். முழிச்சிருக்கும்போதும், காரணமே இல்லாம, ஒவ்வொரு தடவையும் அச்சு அசலா ஒரே மாதிரி, கூப்பிட்டா திரும்பாம சிரிச்சா, கையில இருக்கிற போன்ல வீடியோ எடுத்து பிள்ளைகளுக்கான நரம்பியல் டாக்டர்கிட்ட காட்டுங்க. வாயால சொன்னா "குழந்தை சிரிக்குதுன்னு கம்ப்ளெயின்டா?"ன்னு யாருமே கேட்பாங்க. பார்த்தா கேட்க மாட்டாங்க.

அந்தப் பையனைப் பத்தி போன லீவுல ஊருக்குப் போனப்போ ரெண்டு மூணு பேர்கிட்ட விசாரிச்சேன். "யாரு, அந்த இளிச்சவாயனா?"ன்னு ஒருத்தன் கேட்டான். அந்தப் பட்டப்பேர் மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. எங்கே போனான்னு ஒருத்தருக்கும் தெரியலை.